கதவில்லாத பாத்ரூம்

பாத்ரூமைப் புதுப்பிக்க வந்த மேஸ்திரி நாலு தடவை "அண்ணே" என்றதும், என் வீட்டுக்காரர் உச்சி குளிர்ந்து மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கொடுத்துவிட்டார். கதவு மாட்டுவதற்குள் மேஸ்திரி கம்பி நீட்டிவிட்டார். அதிலிருந்து எங்கள் வீட்டில் உள்ளே போகிறவர் பாடவேண்டும். பாட்டு நின்றால் அடுத்தவர் நுழைந்துவிடுவார். மாமியாருக்குப் பாட்டு வராது, விசில் அடிக்கிறார்.

நேற்று மேஸ்திரி வந்து நின்றார். "சாமான் விலை ஏறிடுச்சு அண்ணே, இன்னும் கொஞ்சம் கொடுங்க."

நான் பெரிய டம்ளரில் டீ கொடுத்தேன், இரண்டு முறை. கொஞ்ச நேரத்தில் நெளிய ஆரம்பித்தார்.

"அக்கா, பாத்ரூம் போகணும்."

"தாராளமா போங்க. பாடிக்கிட்டே இருங்க, நிறுத்தினா மாமியார் வந்துடுவாங்க."

பொழுது சாய்வதற்குள் கதவு மாட்டியாகிவிட்டது. வீட்டுக்காரர் நெகிழ்ந்துபோய் பர்ஸை எடுத்தார்.

"தாழ்ப்பாள் எங்கே?" என்றேன்.