கோதண்டம் வீட்டு பீர் குழாய்

கோதண்டத்துக்கு பீர் என்றால் என்னவென்று தெரியாது. முப்பது வருஷமாகக் குடிக்கிற மனுஷனுக்கா தெரியாது என்று கேட்பீர்கள். குடிக்கத் தெரியும், அவ்வளவுதான். ஐஸ் கட்டியைப் போட்டு பீர் குடிக்கிற ஆள் அவர். அப்படிப்பட்டவர் ஒரு கல்யாணத்துக்காக பெங்களூர் போனார். அங்கே எவனோ குழாயைத் திருகி கிளாஸில் பீர் பிடித்துக் கொடுத்தான். அவ்வளவுதான், திரும்பி வந்த நாளிலிருந்து தன் வீட்டிலும் குழாயில் பீர் வரவேண்டும், அதுவும் வீட்டிலேயே காய்ச்சியதாக இருக்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

இந்தக் கூத்துக்கு அவருக்கு அகப்பட்டவன் வனமாமலை. நாங்குநேரிப் பக்கத்துக்காரன். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனி ஒன்றில் ஏழு வருஷமாகக் குழாய் வேலை பார்க்கிறான், கான்ட்ராக்ட் ஆளாக. அவனைப் போல நூற்றைம்பது பேரைக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிற கான்ட்ராக்டர்தான் கோதண்டம். வருஷத்துக்கு நாலு பேரைக் கம்பெனி பெர்மனென்ட் ஆக்கும். அந்த நாலு பெயரைக் கோதண்டம்தான் எழுதிக் கொடுக்கவேண்டும். முப்பது வயது முடிந்தவன் பெயரை எழுதவே கூடாது. வனமாமலைக்கு அக்டோபரில் முப்பது முடிகிறது. இந்த வருஷம் விட்டால் ஆயுசுக்கும் கான்ட்ராக்ட்தான்.

"நீ வந்து பைப்ப மட்டும் போட்டுக் குடுடா. உன் பேர எழுதறது என் பொறுப்பு" என்றார் கோதண்டம். வீட்டில் சாராயம் காய்ச்சினால் என்ன கேஸோ பீர் காய்ச்சினாலும் அதே கேஸ்தான் என்று வனமாமலை மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். போலீஸெல்லாம் நம்ம ஆளுங்க என்று அவர் தொடையைத் தட்டிக்கொண்டார்.

குடிப்பதற்கென்றே வீட்டில் அவர் கட்டிவைத்திருந்த பாரைப் பார்க்கவேண்டுமே, கண்கொள்ளாக் காட்சி. மாடி ஹாலில் கறுப்பு கிரானைட் மேடை. சுவர் முழுக்கக் கண்ணாடி. நிமிஷத்துக்கு ஒரு நிறம் மாறுகிற விளக்கு. உயரமான சுழல் நாற்காலி ஆறு. அதில் ஏறி உட்கார்ந்தால் கோதண்டத்தின் கால் தரையைத் தொடாது. இரண்டு காலையும் ஆட்டிக்கொண்டு, பேன்சி கடையில் உட்கார்த்திவைத்த பொம்மை மாதிரி இருப்பார். அந்தக் கோலத்தில் போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் வேறு வைத்திருந்தார். தூ, இதெல்லாம் ஒரு பிழைப்பு என்று நினைத்துக்கொண்டே வனமாமலை குழாய்க்குத் துளை போட்டான்.

முதல் தடவை காய்ச்சியது கோதண்டமேதான், யூடியூப் பார்த்து. ஈஸ்ட் எதுவானால் என்ன என்று பேக்கரியில் வாங்கி வந்தார். ஆறவைத்த பார்லிச் சாற்றில் அதைக் கொட்டி, நவரத்தின மோதிரம் போட்ட கையை முழங்கைவரை விட்டுக் கலக்கினார். நாலாம் நாள் மூடியைத் திறந்தால் மாடியே நாறியது. "பார்லி சரியில்ல" என்றார். கை கழுவவில்லையே, அதை யாரிடம் போய்ச் சொல்ல?

இரண்டாவது தடவையிலிருந்து காய்ச்சுகிற வேலையும் வனமாமலை கைக்கு வந்தது. அவன் பீரை வாயில் வைத்ததில்லை. ஆனால் வேலையென்று வந்துவிட்டால் அரைகுறையாகச் செய்ய அவனுக்கு வராது, எந்தக் கழிசடைக்குச் செய்தாலும் சரி. பழைய ஃப்ரிட்ஜின் கதவில் துளையிட்டுக் குழாயைப் பொருத்தினான். ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று குனிந்து பார்த்தான். சிலிண்டரிலிருந்து காஸை ஏற்றிவிட்டு, அழுத்தம் காட்டுகிற மீட்டரில் ஒரு நாள் முழுக்க முள் இறங்காமல் நிற்கிறதா என்று காத்திருந்தான். பார்லியை எந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் ஊறவைப்பது, எத்தனை நாள் நுரைக்கவிடுவது என்பதெல்லாம் ஞாயிறு தவறாமல் பஸ் ஏறி வந்து செய்து செய்து கற்றான். ஆறாம் நாளே குடிக்கலாமா என்று கோதண்டம் கிளாஸோடு வந்து நிற்பார். இன்னும் ஆகலண்ணே என்று சொல்லிக் கிளாஸை வாங்கி வைப்பான்.

எதையும் அவன் எழுதிவைக்கவில்லை. கற்றுக்கொடு என்று அவர் கேட்டபோதெல்லாம் கைப்பக்குவம்ணே, சொல்லி வராது என்று மழுப்பினான். கம்பெனியில் அவன் கண்ணால் கண்ட பாடம் அது. எந்த மிஷினை ஒருத்தனுக்கு மட்டும்தான் ஓட்டத் தெரியுமோ, அந்த ஒருத்தனைத்தான் பெர்மனென்ட் ஆக்குவார்கள். வித்தை தன் கையில் இருக்கிறவரை இந்த ஆள் தன்னை விட்டுவிட மாட்டார் என்று நம்பினான். பாவம், அதில் ஒரு தப்பும் இல்லை.

நாலாவது தடவை காய்ச்சியது தேனாட்டம் தெளிந்து வந்தது. அந்த ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டுக்குக் கம்பெனி எச்.ஆர். அதிகாரி யாக்கோபுவைக் கோதண்டம் அழைத்திருந்தார். பெயர்ப் பட்டியல் மறுநாள் போகவேண்டும் என்பதால் வனமாமலை புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனான். போனவனிடம், குழாய்ப் பக்கம் நில்லு என்றார் கோதண்டம். நின்றான்.

யாக்கோபு ஒரு வாய் குடித்தார். கிளாஸைத் தூக்கிப் பார்த்தார். மறுபடி குடித்தார். யார் செய்தது என்று கேட்டார். நாமதான் சார் என்று கோதண்டம் கூசாமல் சொன்னார். எத்தனை நாள் நுரைக்கவிட்டீர்கள் என்று அவர் கேட்டதும், கோதண்டத்தின் கண் தானாக வனமாமலை பக்கம் போனது. பன்னிரண்டு நாள் சார் என்றான் அவன். எந்தச் சூடு என்று அவர் கேட்டார், சொன்னான். மீட்டர் முள்ளை எத்தனையில் வைத்திருக்கிறாய் என்றார், அதையும் சொன்னான். யாக்கோபு அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"இவன் பேரு லிஸ்ட்ல இருக்கில்ல? காஸ் லைன், தண்ணி லைன் பாக்கற யுட்டிலிட்டி செக்‌ஷனுக்கு இப்படி ஒரு கைதான் தேடிக்கினு இருக்கோம்."

கோதண்டம் ஒரு சிக்கன் துண்டை எடுத்து, கடித்து, எலும்பைத் தட்டோரமாக வைத்தார்.

"இருந்துது சார். நேத்துதான் கோடு போட்டு அடிச்சேன். இவன் பெர்மனென்ட் ஆயி அங்க வந்துட்டான்னு வையி, இங்க எனக்கு யாரு கீறா?"

யாக்கோபு ஒரு கணம் தட்டைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். அதுவும் சரிதான் என்றார்.

ஏழு வருஷம். வனமாமலைக்குக் காது இரண்டும் சுட்டது. இந்த மனுஷனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஒரு வார்த்தை கேட்காமல் இங்கிருந்து நகரக்கூடாது என்று நினைத்தான். இத்தனை ஞாயிறும் உள்ளே போட்டு அடைத்துவைத்திருந்த அத்தனை இளக்காரத்தையும் குரலில் ஏற்றினான்.

"அப்பம் என்னய இந்தக் கொழாய்க்கே பெர்மனென்ட் ஆக்கிப்போடுங்கண்ணே."

கோதண்டம் கால் ஆட்டுவதை நிறுத்தினார். முகம் மலர்ந்தது.

"பாத்தியா சார், அவனே கேக்கறான்" என்று யாக்கோபுவின் தொடையைத் தட்டினார். நல்ல பையன், விசுவாசமானவன் என்று பாராட்டினார். ஞாயிறுதோறும் பதினொரு மணிக்கெல்லாம் வந்துவிடவேண்டும், வெள்ளைச் சட்டை போட்டு வரவேண்டும் என்று அங்கேயே முடிவும் செய்தார்.

தான் சொன்னது அதில்லை என்று சொல்ல வனமாமலை வாயைத் திறந்தான். யாக்கோபு காலி கிளாஸை அவனிடம் நீட்டினார்.