தார்ப்பாயின் மறுமுனை

ஞாயிறு பூசை முடிந்து வந்து, பட்டாணி சூப்பில் முதல் கரண்டியை வைப்பதற்குள் புது அடுப்பு அணைந்துவிட்டது. அன்றைக்கு அது மூன்றாவது முறை. கண்ணாடிக் கதவு முழுக்கக் கரி. உள்ளே சுடர் சோம்பலாக, செம்மஞ்சளாக நாலு தடவை ஆடிப் படுத்தது. விசிறி மட்டும் கொஞ்ச நேரம் வீணாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ரோசேர் கரண்டியைக் கீழே வைத்தார். அவர் கரண்டியைக் கீழே வைத்தால் கச்சேரி ஆரம்பம் என்று அர்த்தம்.

"மாப்ளே, அடுப்பு வைக்கிறேன்னு சொல்லிட்டு ஐஸ் பெட்டியை வச்சிட்டீங்களே. உங்க ஜார்ஜியாவுல இதுக்குப் பேரு அடுப்பா?"

டுவைட் எழுந்துபோய் அடுப்பின் முன் முட்டி போட்டான். அவர் மருமகனை ஒருநாளும் ஒருமையில் பேசியதில்லை. மரியாதை குறையாமல் மிதிப்பது அவர் கைவந்த கலை.

"முட்டி போட்டு ஜெபம் பண்றீங்களா? இப்பத்தானே கோயில்லேர்ந்து வந்தோம்!"

மேசையின் மறுகோடியில் அவர் மனைவி டெல்ஃபீன் சூப்பைக் குடித்தாள். சூடாக இருந்தது, உப்பு சரியாக இருந்தது, யாரும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நாற்பத்தொரு வருஷத்தில் தன் சமையலைத் தானே ருசி பார்த்துச் சாப்பிட்டது இந்த மூன்று வாரமாகத்தான். சூப் தண்ணி, அப்பம் தோல், நடை வாத்து நடை, உன் அப்பன் கஞ்சன், உன் தலையில் மூளை இருக்கிற இடத்தில் மாவு. அவர் இப்படிச் சொல்லச் சொல்லத்தான் அவள் வயிற்றுக்குள் சோறு இறங்கும். இப்போது எல்லாம் மருமகன் தட்டுக்குப் போகிறது. அவளுக்கு ஒன்றரைக் கிலோ சதை கூடியிருந்தது.

அடுப்பு ஏன் எரியவில்லை என்பது அந்த வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

ரோசேருக்கு முட்டி தேய்ந்துபோய் விறகு பிளக்க முடியாமல் போனதால்தான் டுவைட் செப்டம்பரில் அந்த அடுப்பை வைத்தான். மரத்தூளை இறுக்கிச் செய்த குச்சிக் குருணையைத் தின்கிற பெல்லட் அடுப்பு. வேலை போய், பெண்டாட்டியின் ஊருக்கு வந்து, மாமனார் வீட்டில் தங்கியிருப்பவன். ஒரு காரியமாவது இந்த வீட்டுக்கு என் கையால் செய்து கொடுக்கிறேன் என்று சுவரைத் துளைத்து இரண்டு குழாய் போட்டான். புகை போகிற குழாய் கூரை வரை ஏறியது. அடுப்பு மூச்சு இழுக்கிற சின்னக் குழாய் வடக்குச் சுவரில், முழங்கால் உயரத்தில், வலை போட்ட வாயோடு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

நவம்பரில் அவன் ஒரு வாரம் லாரி ஓட்டப் போயிருந்தபோது ரோசேர் வீட்டுக்குக் குளிர் அணை கட்டினார். மேய்ன் மாநிலத்தின் இந்த வடகோடியில் எல்லா வீட்டுக்கும் கட்டுவார்கள். அஸ்திவாரத்தைச் சுற்றிக் கிளைகளை அடுக்கினால் தரைக்குக் கீழே காற்று புகாது. மற்றவர்கள் கிளையோடு விட்டுவிடுவார்கள். ரோசேர் முதலில் தார்ப்பாய் அடித்து, அதன்மேல் ஊசியிலைக் கிளைகளை ஜன்னல் வரை அடுக்கினார். தார்ப்பாயின் மறுமுனையை டெல்ஃபீன்தான் பிடித்துக்கொண்டு நின்றாள். பாய் அந்தக் குழாயின் வாயை மூடிக்கொண்டு போனதைப் பார்த்தாள்.

"ஏங்க, அந்தக் கொழா..."

"வாய மூடிட்டு நேராப் பிடிடி. மாட்டுக்குச் சொன்னாக்கூடப் புரியும்."

அவள் வாயை மூடிக்கொண்டு நேராகப் பிடித்தாள். அன்றைக்கு மூடியதுதான். பிறகு திறக்க வேண்டும் என்று ஓரிரு நாள் தோன்றியது. பிறகு மேசையில் அந்த முதல் கேலி மருமகன் பக்கம் போனது, அவள் நிம்மதியாக இன்னொரு அப்பம் எடுத்துக்கொண்டாள். இந்தப் பாவத்தை அவள் பாதிரியாரிடமும் சொல்லவில்லை.

டுவைட் செய்யாத வைத்தியம் இல்லை. எரிகிண்ணத்தைச் சுரண்டினான். காற்று கசிகிறதா என்று கதவிடுக்கில் காகிதத் துண்டை வைத்து இழுத்துப் பார்த்து, நன்றாக இருந்த அடைப்புக் கயிற்றைப் பிடுங்கிப் புதுக் கயிறு ஒட்டினான். புகைக்குழாயில் இருந்த ஒரு வளைவை எடுத்தான், மூன்றடி உயர்த்தினான், இலை ஊதுகிற மிஷினின் உறிஞ்சுவாயை மாட்டிச் சாம்பலை உறிஞ்சி எடுத்தான். பெல்லட்டை மாற்றினான். ஒவ்வொன்றுக்கும் அடுப்பு ஒரு மணி நேரம் நம்பிக்கை கொடுத்துவிட்டுப் படுத்தது.

அந்த ஞாயிறு ரோசேர் கெடு வைத்தார். "வர்ற ஞாயித்துக்கெழமை எரியணும். இல்லேன்னா என் பழைய விறகடுப்ப உள்ள கொண்டாந்துருவேன். இத உங்களோடயே எடுத்துக்கிட்டு எங்க வேணாலும் போங்க மாப்ளே."

"அப்பா!" என்றாள் மகள் ஒடீல்.

"ஒன்னச் சொல்லலம்மா. நீ இருக்கலாம்."

வியாழன் மத்தியானம் டுவைட் சமையலறைக்கு வந்தான். மூக்கில் கரி. அடுப்பு வாங்கிய கடையில் போனில் கேட்டானாம். மூச்சுக் குழாயைப் பார் என்றார்களாம்.

"அத்தை, அந்த வடக்குச் சுவத்துல மாமா கிளை மட்டும்தான் அடுக்கினாரா? உள்ள வேற எதுவும் வைக்கலையே? ஏப்ரல் வரைக்கும் அதுல கை வச்சா வெட்டுவேங்கிறாரு. அதான் ஒங்களக் கேக்கறேன்."

டெல்ஃபீன் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். தோல் ஒரே சுருளாக நீளமாக வந்தது. அறுந்துவிடாமல் இருக்க வேண்டும் என்று அதிலேயே கண்ணாக இருந்தாள்.

"வெறும் கிளைதான் மாப்ள. காத்து தாராளமாப் போகும்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். இந்த வீட்டில் தன்னிடம் அன்பாகப் பேசுகிற ஒரே ஆள் என்று நம்பிய பார்வை. "சரி அத்தை," என்று சொல்லிவிட்டுப் போனான்.  அவள் கிழங்கை நறுக்க ஆரம்பித்தாள். ஞாயிறு வரட்டும், ஒடீல் அழுது கெடுவைத் தள்ளிவைப்பாள், எல்லாம் இப்படியே ஓடும் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

சனிக்கிழமை காலை ஒடீல் பெட்டியோடு நின்றாள். எட்டு வருஷம் கழித்து ஊர் திரும்பியவள்.

"நாங்க கெளம்பறோம்மா. அவரு ராத்திரியெல்லாம் தூங்கறதே இல்ல. இன்னும் ஒரு ஞாயித்துக்கெழமை அந்த மேசையில என்னால ஒக்கார முடியாது."

"அப்பா சும்மா பேசறாருடி. நான்லாம்..."

"நீங்க பழகிட்டீங்கம்மா. நான் பழக மாட்டேன்."

டுவைட் கிளம்புவதற்கு முன்னால் எரிகிண்ணத்தைக் கடைசியாக ஒருமுறை சுத்தம் செய்தான், கண்ணாடியைத் துடைத்தான், பெட்டி நிறையப் பெல்லட் கொட்டினான். "மன்னிச்சிருங்க அத்தை, ஒங்களுக்கு வீடு சூடா இருக்கணும்னு நெனச்சேன்," என்றான். வண்டி பனிப்பாதையில் திரும்பி மறைந்தது.

அவள் கோட்டுகூடப் போடாமல், கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வடக்குப் பக்கம் ஓடினாள். பனியைக் கையால் தள்ளி, கிளைகளை உருவி எறிந்தாள். தார்ப்பாய் குழாயின் வாயில் உறிஞ்சப்பட்டு, குழிந்து ஒட்டியிருந்தது. கத்திரிக்கோலால் குத்திக் கிழித்தாள்.

உள்ளே வந்து பொத்தானை அழுத்தினாள். கால் மணியில் சுடர் நிமிர்ந்தது. வெளுத்த மஞ்சளில், கண்ணாடியில் பொட்டுக் கரி இல்லாமல், அடுப்பு முழு மூச்சு விட்டு எரிந்தது. ரோசேர் முட்டியைப் பிடித்துக்கொண்டு நொண்டி வந்து பார்த்தார். கைகளை நீட்டிக் குளிர் காய்ந்தார்.

"பாத்தியா, பீடை வாசல் தாண்டினதும் எரியுது!"

சிரித்துக்கொண்டே மேசையில் உட்கார்ந்தார். எதிரே இரண்டு நாற்காலி காலி. அவர் கண் முதலில் டுவைட் உட்காரும் இடத்துக்குப் போனது, அங்கே யாரும் இல்லை. மெல்ல நகர்ந்து அவளிடம் வந்து நின்றது. சூப்பில் ஒரு வாய் வைத்தார். கரண்டியைக் கீழே வைத்தார்.

டெல்ஃபீன் நிமிரவில்லை. மடியில் வைத்திருந்த கையில் ஊசியிலைகள் குத்தி ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அவள் முதுகில் அடுப்பின் சூடு இதமாகப் படிந்தது.