பத்தொன்பது பேர்

யுவஸ்ரீ நாமக்கல்லில் கோழிப்பண்ணைகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவர். வயது முப்பத்து நான்கு. பெண் பார்க்க வந்த இரண்டு பேர், "கோழி டாக்டரா?" என்று சிரித்துவிட்டுப் போயிருந்தார்கள். அதனால், கால்நடை மருத்துவர்களுக்கு மட்டும் துணை தேடித் தரும் ஆப் ஒன்று வந்ததும் ஆசையோடு சேர்ந்தாள்.

சேலம், நாமக்கல் இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து மொத்தம் பத்தொன்பது ஆண்கள். பாதிப்பேர் அவளோடு கல்லூரியில் படித்தவர்கள். இரண்டு பேரின் கல்யாணப் பந்தியில் அவளே சாப்பிட்டிருக்கிறாள். தெரியாதவர் என்று மிஞ்சியது மணிமாறன்தான். ஜலகண்டாபுரத்தில் வேலை. மனைவி இறந்து மூன்று வருடம்.

இரண்டு மாதம் எழுதிக்கொண்டார்கள். விடியவிடியக் கன்று இழுத்துப் போட்ட கதையை அவர் எழுதுவார். செத்த கோழியை அறுத்துப் பார்த்த நாளில் சோறு இறங்காததை அவள் எழுதுவாள். ஞாயிற்றுக்கிழமை ஜேடர்பாளையம் அணைப் பூங்காவில் சந்திப்பதாக முடிவானது.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு ஹோட்டலில் கால்நடை மருத்துவர்கள் கூட்டம். மதியச் சாப்பாட்டு வரிசையில் சீனியர் தனசேகர் சத்தமாகச் சொன்னார்: "நம்ம யுவஸ்ரீ மேடம் ஆப்புல மாப்பிள்ளை தேடறாங்கப்பா! யாரு சிக்கப்போறாங்களோ!"

அந்த ஆப்பில் தனசேகரும் இருந்ததை யாரும் கேட்கவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். அதே வரிசையில் தட்டோடு நின்ற, அவள் படத்தில் மட்டுமே பார்த்திருந்த மணிமாறன் தலையைக் குனிந்துகொண்டார்.

வண்டி நிறுத்துமிடத்தில் அவளிடம் வந்தார்.

"ஆப்புல இருந்த என் கணக்க எடுத்துட்டனுங்க. எம்பொண்ணு ஏழாவது படிக்கறா. நாளைக்கு இந்தப் பேச்சு அவ காதுல உழுந்தா... ஞாயித்துக்கிழமை வேண்டாமுங்க."

"சிரிச்சது என்னையப் பாத்துத்தானுங்க," என்றாள் யுவஸ்ரீ. "நீங்க அங்கதான நின்னீங்க?"

அவர் வண்டிச் சாவியைத் தேடி எடுத்தார். "வாரனுங்க," என்று சொல்லிப் போய்விட்டார்.

அவள் ஆப்பை விட்டு விலகவில்லை. விலகினால் தப்பு செய்ததாக ஆகிவிடும் என்று தோன்றியது. பத்தொன்பது பதினொன்றானது, பிறகு நான்கானது. ஆடி மாதம், உறுப்பினர் போதாததால் மூடுகிறோம் என்று ஒரு மெயில் வந்தது. பழைய உரையாடல்களைச் சேமித்துக்கொள்ள ஒரு வாரம் கொடுத்திருந்தார்கள்.

பண்ணை வாசலில் காருக்குள் உட்கார்ந்து மணிமாறனின் முதல் செய்தியிலிருந்து எல்லாவற்றையும் ஒருமுறை படித்தாள். எதையும் சேமிக்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, கையுறையை எடுத்து மாட்டினாள்.