டோப்பா இல்லாத செங்கமலம்

என் வீட்டுக்காரர் பெயர் சாமியப்பன். கட்டியவன் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்று எங்கள் பக்கம் வழக்கம். எழுதக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை, அதனால் தாராளமாக எழுதுகிறேன். மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் அவருக்குத் துணி பின்னும் மிஷினில் வேலை. எனக்கு அங்கேயே மடிப்பு வேலை. மனுஷன் தங்கம். ஒரே ஒரு கிறுக்கு உண்டு, நாடகக் கிறுக்கு.

ஆயுத பூஜையன்று மிஷின்களுக்குச் சந்தனம் வைத்து முடித்த கையோடு, நல்லூர் மைதானத்தில் பனியன் கம்பெனிகளுக்குள் நாடகப் போட்டி நடக்கும். ஜெயித்தால் வெள்ளிக் கோப்பை. கம்பெனிப் பெண்கள் யாரும் அப்போது மேடை ஏறமாட்டோம். பெண் வேஷமும் ஆண்கள்தான் கட்டவேண்டும். இவர் ஒடிசலான ஆள், குரலும் மெல்லிசு. எங்கள் கம்பெனிக்குக் கதாநாயகி எப்போதும் இவர்தான்.

ஐம்பத்தொன்பதாம் வருஷம் போட்ட நாடகத்தில் கதாநாயகி பெயர் செங்கமலம், ஒரு தறிக்காரன் பெண்டாட்டி. ஜமீன்தார் மாதிரி ஊரை ஆளும் மிட்டாதாரின் ஆள் வந்து அவள் தறியைப் பிடுங்குவான். தடுத்தவளைக் கூந்தலைப் பிடித்துத் தெருவில் இழுத்துப் போவான். அவள் எழுந்து நின்று ஊரைப் பார்த்து நியாயம் கேட்பாள். நாடகமே அந்த ஒரு காட்சிக்காகத்தான். மிட்டாதாரின் ஆளாக வேஷம் கட்டியவர் உமர். கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், இவருக்கு உயிர்ச் சிநேகிதர், நான் அண்ணா என்று கூப்பிடுகிறவர். மீசையை முறுக்கிக்கொண்டு வந்து, கூந்தலைப் பிடித்து, ஒரே இழுப்பு. கூந்தல் மட்டும் அவரோடு போய்விட்டது. செங்கமலம் கிராப்புத் தலையோடு மேடையில் நின்றாள்.

மைதானம் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அடுத்த தெரு நாய்கள் எல்லாம் எழுந்து குரைத்தன. கோப்பை எதிர்க் கம்பெனிக்குப் போனது. மறுநாளிலிருந்து டீக்கடையில் இவருக்கு 'டோப்பா சாமியப்பன்' என்று பெயர். டோப்பா என்பது அந்த ஒட்டுமுடி. சைக்கிளில் போகிற பொடிசுகள்கூட "டோப்பா, டோப்பா" என்று கத்திவிட்டுப் போகும். இவர் வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பார்.

ஒருநாள் சொன்னார்: "பொன்னு, இனிமே டோப்பா வெக்க மாட்டேன். சொந்த முடி வளத்தப் போறேன். அதே நாடகம், அதே காட்சி. கோப்பையை வாங்காம உட மாட்டேன்."

"பைத்தியம் புடிச்சுருச்சுங்களா?" என்றேன்.

"நாடகம் முடிஞ்ச மக்யா நாளே எடுத்தர்றேன். சத்தியம்."

மறுநாளே முடியை எடுத்துவிடுவேன், சத்தியம் என்று சொன்ன பிறகு என்ன செய்ய? சரி என்றேன்.

ஆண்பிள்ளை முடி வளர்ப்பது என்றால் சும்மா விட்டால் வளர்ந்துவிடும் என்று நினைத்திருந்தேன். அது குட்டையும் இல்லாமல் நீளமும் இல்லாமல் காதைச் சுற்றிச் சிலுப்பிக்கொண்டு நின்ற காலம் இருக்கிறதே, அதைப் பார்த்தால் எனக்கே பயமாக இருக்கும். கட்டவும் வராது, விடவும் முடியாது. அந்த வருஷங்களில் நாடகத்தில் அவருக்கு முனிவர் வேஷம்தான் கிடைத்தது. எதிர்வீட்டு வேலாத்தாள் அக்கா தினமும் காலையில் வாசலில் நின்றுகொண்டு, "ஏம் பொன்னாத்தா, உம்பட ஊட்டுல இப்ப ரெண்டு பொம்பளைங்களா?" என்பாள். கேட்டுவிட்டு அவளே சிரித்துக்கொள்வாள். நான் வாசல் தெளிக்கிற தண்ணீரை அவள் பக்கமாகக் கொஞ்சம் வேகமாக வீசுவேன்.

முடி தோளைத் தொட்டபோது இவர் ஒரு காரியம் செய்தார். பனியன் கம்பெனிக்காரனைத் தவிர வேறு யாரும் அந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது. மிஷின் ஊசிகளுக்கு விடுகிற எண்ணெய் ஒன்று உண்டு, தண்ணீர் மாதிரி மெல்லிசாக இருக்கும். அந்த எண்ணெய் பட்டால் ஊசி துருப்பிடிக்காது, முறியாது, வழவழவென்று ஓடும். ஊசிக்கு நல்லது முடிக்கும் நல்லதுதானே என்று, ஒரு வாரம் யாருக்கும் சொல்லாமல் அதைத் தலையில் தேய்த்திருக்கிறார். தலையணை எல்லாம் மிஷின் வாசம். பிறகு அரிப்பு. பிறகு சீப்பை வைத்தால் கொத்துக் கொத்தாக வந்தது.

உதிர்ந்த முடியைக் கையில் வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி நின்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "தலை என்ன உங்க மிஷினுங்களா?" என்று கத்தினேன். ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்த பிறகு சும்மா இருக்க மனசு வரவில்லை. அன்றைக்கு அந்தத் தலையை நான் என் பொறுப்பில் எடுத்துக்கொண்டேன்.

அரப்பையும் வடித்த கஞ்சியையும் குழைத்துத் தேய்த்தேன். அரப்பு என்பது எங்கள் பக்கத்து மரத்தின் இலைப்பொடி. எண்ணெய்ப் பிசுக்கு எதுவானாலும் எடுத்துவிடும், தலைக்கும் குளிர்ச்சி. பிசுக்கு போனதும் ஊறவைத்த வெந்தயத்தை அரைத்துப் பூசினேன், செம்பருத்தி இலையைக் கசக்கிக் கொழகொழவென்று தடவினேன். நுனி பிளந்த முடியை எல்லாம் கத்தரித்தேன். ஈரத்தோடு முடிச்சுப் போடாதீங்க என்று திட்டினேன். நல்ல தேங்காய் எண்ணெயைக் காய்ச்சித் தடவி, மரச்சீப்பால் நுனியிலிருந்து சிக்கெடுத்து, பிறகுதான் மேலே போவேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதற்கே சரியாகப் போகும். முடி மெல்லத் திரும்பி வந்தது. வந்தது என்றால், சும்மா வரவில்லை, கருகருவென்று அடர்ந்து வந்தது.

என் முடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், மறைக்க என்ன இருக்கிறது? எலிவால். எத்தனை எண்ணெய் வைத்தாலும் எலிவால்தான். என் முன்னால் உட்கார்ந்து தலையைக் கொடுத்த மனுஷனுக்கு நடுமுதுகு வரை பிடி கொள்ளாத முடி. பொறாமையில் சில நாள் சிக்கு எடுக்கும்போது வேண்டுமென்றே கொஞ்சம் இழுப்பேன். அவர் "ஆ" என்பார். எனக்குத் திருப்தியாக இருக்கும்.

அறுபத்துமூன்றாம் வருஷம் ஆயுத பூஜைக்கு அதே நாடகம் என்று முடிவானது. ஒத்திகையும் தொடங்கியாயிற்று. அப்போது பார்த்து எங்கள் மேஸ்திரி ரத்தினசாமி இவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "சாமியப்பா, மேல பெல்ட் ஓடுது. கொண்டை அவுந்து மாட்டுச்சுன்னா முடி மட்டும் போகாது, தலையே போயிரும். நாளைக்கு முடியோட வந்தா மிஷின்ல நிக்க வேண்டாம்."

அவர் சொன்னதில் தப்பில்லை. அந்த பெல்ட்டில் ஒருத்தர் வேட்டி மாட்டி உருண்டதை நானே பார்த்திருக்கிறேன். இவர் வீட்டுக்கு வந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எடுத்தர்றேன் பொன்னு. சோறு முக்கியம்."

இதற்காகத்தானே நாலு வருஷமாகக் காத்திருந்தேன்? சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "யார் முடியை யார் எடுக்கறது? அரப்புத் தேச்சு என்ற கை தேஞ்சு கெடக்குது. தொட்டுப் பாருங்க, தெரியும்!" என்றேன். அவர் திகைத்துப் போய்ப் பார்த்தார். நானும்தான் திகைத்துப் போனேன்.

காலையில் மேஸ்திரியிடம் கேட்டு, கழிவுத் துணிக் குவியலில் இருந்து ஒரு துண்டு எடுத்தேன். பனியன் துணி மிஷினிலிருந்து உருளையாக, தையலே இல்லாமல், தலையணை உறை மாதிரிதான் இறங்கும். அதில் ஒரு முழத்தை இவர் தலை வழியாகக் கழுத்துக்கு இறக்கினேன். கொண்டையைச் சுருட்டி வைத்து, துணியை நெற்றி வரை மேலே ஏற்றி, உச்சியில் முறுக்கி, முனையை உள்ளே செருகினேன். இழுத்தால் நீண்டு கொடுக்கும், விட்டால் இறுக்கிப் பிடிக்கும். அதுதானே பனியன் துணி. ஒரு முடி வெளியே இல்லை.

ரத்தினசாமி வந்து இவர் தலையைப் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார். குனியச் சொன்னார். குதிக்கச் சொன்னார். "யாரோட யோசனை?" என்றார்.

"ஊட்டுலீங்க," என்றார் இவர்.

"செரி, ஓட்டு," என்றார் மேஸ்திரி. அடுத்த மாதம் தையல் பகுதிப் பெண்கள் பாதிப் பேர் தலையில் அந்த உறைதான்.

ஆயுத பூஜை சாயங்காலம் நல்லூர் மைதானத்தில் இடமே இல்லை. பெண்கள் பக்கம் முன்வரிசையில் நான் உட்கார்ந்திருந்தேன், வேலாத்தாள் அக்காவும் பக்கத்தில். இவர் செங்கமலமாக மேடைக்கு வந்ததும் எதிர்க் கம்பெனி ஆட்கள் தொடங்கிவிட்டார்கள். "டோப்பா! டோப்பா!" "இந்த வருசம் ஆணி அடிச்சுக் கொண்டாந்திருக்கறான் போலிருக்குதுடா!" காட்சிக்குக் காட்சி அது வளர்ந்தது.

தறியைப் பிடுங்குகிற காட்சி வந்தது. உமர் கூந்தலைப் பிடித்தார். பிடித்தவர் இழுக்கவில்லை. ஒத்திகையிலும் அவர் நிஜமாக இழுத்ததே இல்லை, சிநேகிதனுக்கு வலிக்குமே என்று. சும்மா பூவைத் தொடுகிற மாதிரி தொட்டுக்கொண்டு நடந்தார். இவர் தானாகவே பின்னால் நகர்ந்து போனார். மைதானம் ஓவென்று சிரித்தது. "மெதுவாங்க பாய், கையோட வந்துரும்!" என்று ஒருத்தன் கத்தினான். இவர் உமரைப் பார்த்து "இழு, இழு" என்று உதட்டை அசைப்பது எனக்குத் தெரிந்தது. உமர் முகத்தில் வேர்வை. நாலு வருஷம் அங்கேயே போய்விடும் போல இருந்தது.

நான் எழுந்து நின்றுவிட்டேன். வேலாத்தாள் அக்கா சேலையைப் பிடித்து இழுத்தாள், உதறினேன்.

"உமரண்ணா! கையில சுத்திப் புடிச்சு நல்லா இழுங்க! நாலு வருசம் நான் அரப்புத் தேச்சு வளத்துன முடி. வராது! இழுங்கண்ணா!"

அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. அப்புறம் மேடைக்குத் திரும்பியது. உமர் ஒரு கணம் கண்ணை மூடினார். "யா அல்லா" என்று ஒரு சத்தம் போட்டு, கூந்தலைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்தார். பலகை அதிர்ந்தது. வளையல்கள் உடைந்து தெறித்தன. உமர் கையை விட்டபோது கையில் ஒன்றும் இல்லை. கூந்தல் முழுக்கச் செங்கமலத்தின் தலையில்தான் இருந்தது.

சிரிப்பு நின்றுவிட்டது. இவர் மெல்ல எழுந்தார். முடி அவிழ்ந்து தோளிலும் முதுகிலும் விழுந்து, காற்றில் ஆடியது. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் அது மின்னியதை நான் என் கண்ணால் பார்த்தேன். நேராக எதிர்க் கம்பெனி ஆட்களைப் பார்த்துச் சொன்னார்:

"இது என்னோட முடி. அது என்னோட தறி. இழுத்த கை ஓயட்டும், நான் இங்கேயேதான் நிற்பேன்."

முதல் வரி எழுதிக் கொடுத்த வசனத்தில் கிடையாது.

மைதானம் எழுந்து நின்றது. விசிலும் கைதட்டலும் அடங்கவே இல்லை, மீதி நியாயத்தை யாரும் கேட்கவும் இல்லை. வேலாத்தாள் அக்கா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், வெட்கமில்லாமல் அழுதேன். கோப்பையை வாங்கி இவர் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். கீழே இறங்கியதும் உமர்தான் முதலில் ஓடிவந்து, "வலிச்சுதா சாமியப்பா?" என்று இவர் தலையைத் தடவிப் பார்த்தார். மெதுவாங்க பாய் என்று கத்தியவனும் வந்தான். முடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, என்னிடம் தணிந்த குரலில் கேட்டான்: "அக்கா, என்ன எண்ணெய்ங்க தேய்க்கறீங்க?"

"மிஷின் எண்ணெய் மட்டும் வேண்டாங்க," என்றேன்.

மறுநாள் காலையில் நான் எழுந்து பார்த்தால், கொல்லையில் இவர் துண்டைப் போர்த்திக்கொண்டு கீழே உட்கார்ந்திருக்கிறார். எதிரே நாவிதர் கத்தியைத் தீட்டிக்கொண்டிருக்கிறார். சத்தியம் செய்தாரே, அது. தலையைக் குனிந்தபடி என்னைப் பார்க்கவே இல்லை.

நான் நாவிதருக்கு ஒரு டம்ளர் காப்பி கொடுத்தேன். "கத்தியை மடிச்சு வெச்சுட்டுக் குடிங்க. முகத்தை மட்டும் வழிச்சு உட்டுட்டுப் போங்க," என்றேன். இவர் நிமிர்ந்து பார்த்தார்.

"சத்தியம் என்ன ஆகறது பொன்னு?"

"எங்கிட்டத்தான பண்ணுனீங்க? நான் உட்டுட்டேன். எந்திரிச்சு வாங்க, நேத்து மேடைத் தூசியெல்லாம் தலையில இருக்குது."

அரப்புக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் வெயிலுக்கு வந்தேன். இவர் பின்னாலேயே முடியை விரித்துவிட்டுக்கொண்டு வந்து, படியில் உட்கார்ந்தார். எதிர்வீட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்த வேலாத்தாள் அக்கா நிமிர்ந்தாள். பழக்க தோஷம், விடுமா?

"ஏம் பொன்னாத்தா, உம்பட ஊட்டுல ரெண்டு பொம்பளைங்களா?"

"ஆமாங்க்கா," என்றேன் தெருவுக்கே கேட்கும்படி. "அதுல ஒருத்தி கோப்பை வாங்கியிருக்கறாங்க!"