ஒரே வரியில் இரண்டு பெயர்கள்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. என் மனைவி பிரசீதா திட்டியபோது கிடைத்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், ஏனென்றால் இதை நான் டைப் செய்துகொண்டிருக்கும் கணினியும் அவளுடையதுதான். மணலாடிக்கரை படகு ஜெட்டியை ஒட்டி அவள் டி.டி.பி. கடை வைத்திருக்கிறாள். கூட்டம் இல்லாத வேளையில் ஓரத்து மேஜை எனக்கு.

"வள்ளங்களிப் போட்டியைப் பத்தி எழுதாத ஆளு இந்தக் கரையில எவன் இருக்கான்? துடுப்பை எழுதியாச்சு, தண்ணியை எழுதியாச்சு, ஆர்ப்பரிப்பை எழுதியாச்சு. ஜெட்டித் தூண்ல ஒட்டியிருந்துச்சே ஒரு டேபிள், அதை எழுத உங்கள்ல ஒருத்தருக்காவது துப்பிருக்கா சேட்டா?"

துப்பிருக்கிறது என்று காட்டத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் தொடக்கம்: மழை விட்டதும் மணலாடி ஆற்றின் மேல்

(வேண்டாம். இங்கே எழுதப்படும் எல்லாக் கதையிலும் முதல் வரியிலேயே மழை பெய்துவிடுகிறது.)

இரண்டாவது: லீலாம்மா கோபமாகக் கடைக்குள் வந்தாள்.

(கோபமில்லாமல் வந்த லீலாம்மாவை யாரும் பார்த்ததில்லை. இதில் செய்தி ஒன்றும் இல்லை.)

மூன்றாவது: பெயர்ப் பட்டியல் ஒன்றை அட்டவணையாக மாற்றப் பல வழிகள் உண்டு.

இது நிற்கட்டும். பிரசீதா என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு, "பல வழியெல்லாம் இல்ல. ஒரே வழிதான். மத்ததெல்லாம் பாவம்" என்கிறாள்.

2

அந்தப் பாவம் எது என்று சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான கடைகளில் முதலில் வெறும் கட்டங்களைப் போடுவார்கள். பிறகு வாட்ஸ்அப்பில் வந்த பட்டியலிலிருந்து ஒவ்வொரு பெயராக வெட்டி, ஒவ்வொரு கட்டமாக ஒட்டுவார்கள். நடுவில் டீ வரும். டீக்குப் பிறகு ஒரு பெயர் இரண்டு இடத்தில் இருக்கும், ஒரு பெயர் எங்குமே இருக்காது. பிரசீதாவுக்கு இதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

"கட்டத்தைப் போட்டுட்டு ஆளைப் பிடிச்சு உள்ள தள்ளுறது போலீஸ்காரன் வேலை. நான் ஆளுங்களை வரிசையா நிக்க வைப்பேன். அப்புறம் அவங்களைச் சுத்திக் கோடு போடுவேன்."

அவள் செய்வது இதுதான். பட்டியல் முழுவதையும் மவுஸால் தேர்ந்தெடுப்பாள். எழுத்தை அட்டவணையாக மாற்றும் கட்டளையைச் சொடுக்குவாள். சின்னப் பெட்டி ஒன்று திறந்து இரண்டு கேள்வி கேட்கும். ஒரு பெயரை அடுத்த பெயரிலிருந்து பிரிப்பது எது, கமாவா, புது வரியா? பக்கவாட்டில் எத்தனை கட்டம்? பதில் சொல்லி ஓ.கே. கொடுத்ததும் அத்தனை பேரும் கண்ணிமைக்கும் நேரத்தில் கட்டத்துக்குள் உட்கார்ந்திருப்பார்கள். உடனே அவள் நாற்காலியில் சாய்ந்து வாடிக்கையாளரை ஒரு பார்வை பார்ப்பாள்.

அந்தப் பார்வையில் மயங்கித்தான் அவளைக் கல்யாணம் செய்துகொண்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அப்போது அவளிடம் கணினியே இல்லை. ஆனால் பார்வை இருந்தது.*

* "இதை எடுத்துடுங்க." எடுக்க மாட்டேன்.

3

இப்போது பாத்திரங்கள்.

லீலாம்மா கள்ளுக்கடையில் சமைப்பவள். அவள் வைக்கும் மீன்கறிக்காகக் கள் குடிக்காதவர்களும் அங்கே போவார்கள். மணலாடிக்கரைப் பெண்களின் போட்டிப் படகுக்கு, அதாவது வள்ளத்துக்கு, அவள்தான் கேப்டன். அந்த வள்ளம் அவர்களுடையது அல்ல, கரைக் கமிட்டியுடையது. சென்ற வருடம் கமிட்டி ஒரு நிபந்தனை போட்டிருந்தது: பெண்கள் போட்டியில் இறங்கி எல்லைக்கோடு வரை துடுப்புப் போட்டு முடித்தால் வள்ளம் அவர்களிடமே இருக்கும். இல்லாவிட்டால் ஆண்கள் கிளப்புக்குப் போய்விடும். ஆண்கள் கிளப்புக்கும் கமிட்டிக்கும் ஒரே செயலாளர், புஷ்கரன். இதை நான் கதைக்காகச் சேர்க்கவில்லை. எங்கள் கரையில் அப்படித்தான்.

பிறகு ஷீபா, கொச்சுராணி. ஷீபா தையல்காரி. கொச்சுராணி வாத்து வளர்க்கிறாள். ஒரு காலத்தில் இருவரும் ஒரே பலகையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து துடுப்புப் போட்டவர்கள். ஒரு பயிற்சி நாளில், கரையில் பாதி ஊர் நிற்கும்போது கொச்சுராணி சொல்லிவிட்டாள்: "இவ துடுப்பா போடுறா? பாயசம் கிண்டுறா."

அன்றோடு பேச்சு நின்றது. ஒரு வாக்கியத்துக்காக ஒரு வருடம் பேசாமல் இருப்பார்களா என்று நகரத்து வாசகர் கேட்கலாம். (நான் கேட்டேன். "பாதி ஊர் நின்னுச்சுல்ல" என்றாள் பிரசீதா.) ஒரு பாத்திரமாக ஷீபாவின் மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. இவ்வளவு வீறாப்பு கதைக்குத் தாங்குமா என்று. ஆனால் அவள் என் சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்தபோதும் கொச்சுராணி வீட்டுப் பக்க ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் தைத்தாள். அதனால் தாங்கும்.

4

லீலாம்மா ஆள் வைத்த விதம்.

எங்கள் கரையில் வள்ளத்துக்கு ஆள் வைப்பவர்கள் காலி வள்ளத்தில் நடந்து வைப்பார்கள். முன்முனையிலிருந்து இடப்பக்கமாக ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பெயர் சொல்லிக்கொண்டே பின்முனை வரை போவார்கள். அங்கே திரும்பி, வலப்பக்கமாகப் பெயர் சொல்லிக்கொண்டே முன்முனைக்கு வருவார்கள். அந்த வரிசையில்தான் லீலாம்மா பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாகப் போனில் அடித்து அனுப்பினாள். முதல் பெயர் ஷீபா. அவளுக்கு நேர் பின்னால் கொச்சுராணி. இருவரும் இடப்பக்கம்.

"முன்னால இருக்கிறவ திரும்பிப் பாக்க மாட்டா. பின்னால இருக்கிறவ முதுகைத்தான் பாப்பா. முதுகைப் பாத்து எவளும் சண்டை போட்டதில்ல." இது லீலாம்மாவின் கணக்கு. நல்ல கணக்குதான்.

பிரசீதா பட்டியலைத் தேர்ந்தெடுத்தாள். பிரிப்பது புது வரி, பக்கவாட்டில் இரண்டு கட்டம், ஓ.கே. இயந்திரம் வள்ளத்தில் நடக்கவில்லை. நாம் புத்தகம் படிப்பதுபோல, முதல் பெயரை இடது கட்டத்திலும் இரண்டாவதை அதன் பக்கத்து வலது கட்டத்திலும் வைத்து, கீழே இறங்கி மூன்றாவதை வைத்தது. தேக்கு நிறத்தில் கோடு போட்டு, தலைப்பைத் தடித்த எழுத்தாக்கி, அவளே கமிட்டிக்கு அனுப்பிவிட்டாள். அந்த அட்டவணைப்படிதான் ஒவ்வொருத்திக்கும் மார்பில் குத்த எண் கொடுப்பார்கள். புறப்படும் இடத்தில் நடுவர் அதை வைத்துத்தான் சரிபார்ப்பார்.

மறுநாள் ஜெட்டித் தூணில் அது ஒட்டப்பட்டிருந்தது. முதல் வரியில், ஊரே பார்க்கும் இடத்தில், ஷீபாவும் கொச்சுராணியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

5

(இங்கேதான் லீலாம்மா கோபமாகக் கடைக்குள் வருகிறாள். பார்த்தீர்களா, அந்த இரண்டாவது தொடக்கத்தைத் தூக்கிப் போடாமல் வைத்தது நல்லதாகப் போயிற்று.)

"மோளே, என் வள்ளத்தையே கலைச்சுட்டியே."

பிரசீதா நாற்காலியைத் திருப்பவில்லை. "எந்தப் பேரு விட்டுப்போச்சு சேச்சி?"

"பேரெல்லாம் இருக்கு."

"எழுத்துல தப்பா?"

"இல்ல."

"கோடு கோணலா?"

"கோடெல்லாம் கல்யாணப் பத்திரிகை கணக்கா இருக்கு. ஆளுதான் இடம் மாறிட்டாளுக. இடது கைப் பழக்கம் உள்ளவ வலது பக்கம் உக்காந்திருக்கா. அந்த ரெண்டும் ஒரே பலகையில உக்காந்திருக்கு."

"சுத்தி வந்து எழுதினேன்னு சொன்னீங்களா?"

"வள்ளத்துல வேற எப்படி வருவாங்க, குதிச்சா வருவாங்க?"

இருவரும் சொன்னது சரி. கதை எழுதுபவனுக்கு இதைவிடத் தொல்லை கிடையாது. தப்புச் செய்தவர் ஒருவர் வேண்டும், கிடைக்கவில்லை.

லீலாம்மா கொண்டுவந்திருந்த பரிப்புவடைகளைப் பிரசீதா மேஜையில் வள்ளம்போல அடுக்கினாள். ஒரு தடவை சுற்றி வந்தாள், ஒரு தடவை குறுக்கே போனாள். "புரிஞ்சுது" என்று ஒரு வடையைத் தின்றாள். அட்டவணையை மறுபடி வெறும் பட்டியலாக்கி, பின்பாதிப் பெயர்களைத் தலைகீழாக அடுக்கி, பக்கத்தில் கொண்டுபோய் வைத்து, டீ ஆறுவதற்குள் சரியான அட்டவணையை அச்செடுத்துவிட்டாள். பிறகு நாற்காலியில் சாய்ந்து அந்தப் பார்வையைப் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்துப் புஷ்கரன் உள்ளே வந்தார். வாசலில் ஷீபா நின்றிருந்தாள். அவளிடமிருந்து நாலு அடி தள்ளி, வேறு திசையைப் பார்த்தபடி கொச்சுராணி.

"மாத்தலாமே, அதுக்கென்ன" என்றார் புஷ்கரன். "'எங்க பட்டியல் தப்பு, திருத்திக் கொடுக்கிறோம்'னு ஒரு வரி எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்க. போட்டி அன்னைக்கு மைக்ல வாசிப்போம். நடைமுறை அதான்."

"மைக்லயா?" என்றாள் லீலாம்மா.

"மைக்லதான். பக்கத்துல பக்கத்துல உக்கார முடியாதவங்க ஒரே வள்ளத்துல எப்படிப் போவாங்கன்னு ஊருக்கும் தெரிய வேண்டாமா? நான் ஒண்ணும் சொல்லல லீலாம்மே. எங்க பசங்க வள்ளத்துக்கு எண்ணெய் வாங்கி வச்சுட்டாங்க, அவ்வளவுதான்."

பிரசீதாதான் முதலில் வாயைத் திறந்தாள். "புஷ்கரேட்டா, என் டேபிள்ல தப்புன்னு எந்தக் காகிதத்துலயும் வராது. எழுதுறதுன்னா வேற கடையில போய் அடிச்சுக்கச் சொல்லுங்க."

கொச்சுராணி தெருவைப் பார்த்தபடியே சொன்னாள். "லீலாம்மே, தையல்காரிகிட்டச் சொல்லு. ஒட்டின பேப்பர்ல எப்படி இருக்கோ அப்படியே உக்காருவோம்னு."

ஷீபா ஆற்றைப் பார்த்தபடி சொன்னாள். "லீலாம்மே, வாத்துக்காரிகிட்டச் சொல்லு. பக்கத்துல உக்காந்து பாத்தா யாரு கிண்டுறான்னு நல்லாத் தெரியும்னு."

"வலது பக்கம் பழக்கமில்லாதவ எப்படிடீ போடுவா?" என்று லீலாம்மா தலையில் கை வைத்தாள்.

"பழகிக்குவா" என்றார்கள் இருவரும், ஒரே நேரத்தில். உடனே இருவருக்கும் கோபம் வந்துவிட்டது.

சரியான அட்டவணை அச்சு இயந்திரத்தின் மேலேயே கிடந்தது. அதை யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை. எனக்கு அப்போது எப்படி இருந்தது என்று மறைக்கப்போவதில்லை. அந்தப் பெண்களை நினைத்துப் பெருமையாக இருந்தது. என் பெண்டாட்டியை நினைத்து அதைவிடப் பெருமையாக இருந்தது.

6

இந்த இடத்தில் ஒரு சோதனை செய்து பார்த்தேன். இதுவரை எழுதிய கதை முழுவதையும் தேர்ந்தெடுத்து, கமாவில் பிரி என்று சொல்லி, அட்டவணையாக மாற்றினேன். லீலாம்மாவின் கோபம் ஒரு கட்டத்திலும் அதன் காரணம் மூன்று கட்டம் தள்ளியும் போய் விழுந்தன. புஷ்கரன் இரண்டாக உடைந்தார். (அதை மட்டும் அப்படியே விட்டுவிடலாமா என்று யோசித்தேன்.)

பிரசீதா எட்டிப் பார்த்தாள். "உங்க கதையில எது எதைப் பிரிக்குதுன்னு உங்களுக்கே தெரியல. மெஷினுக்கு எப்படித் தெரியும்?"

திரும்பப் பழையபடி ஆக்கிக்கொண்டேன். ஆனால் விமர்சனம் குத்தியது.

7

முடிவுகள்.

ஒன்று: மணலாடிக்கரைப் பெண்கள் முதலில் வந்தார்கள். ஷீபாவும் கொச்சுராணியும் கட்டிப்பிடித்து

("சினிமா" என்கிறாள்.)

இரண்டு: நடு ஆற்றில் துடுப்போடு துடுப்பு மோதியது. கொச்சுராணி திரும்பிப் பார்த்தாள். ஷீபா

(இல்லை. நான் கரையில் நின்றிருந்தேன். ஆயிரம் தலைகளுக்குப் பின்னால் நின்றிருந்த எனக்கு முதல் பலகை தெரியவில்லை. தெரியாததை எழுதி உங்களை ஏமாற்றலாம். பக்கத்தில் ஒருத்தி நிற்கிறாளே.)

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். புறப்படும் இடத்தில் நடுவர் ஜெட்டி அட்டவணையைக் கையில் வைத்து ஒவ்வொரு எண்ணாகப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. மைக்கில் எந்தத் திருத்தமும் வாசிக்கப்படவில்லை. வள்ளம் எல்லைக்கோட்டைத் தாண்டியது. எத்தனையாவதாக என்று நான் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் நிபந்தனை அதைக் கேட்கவில்லை. ஆண்கள் கிளப் வாங்கி வைத்திருந்த எண்ணெயை லீலாம்மா நேரில் போய்க் கேட்டு வாங்கிவந்து வள்ளத்துக்குப் பூசினாள்.

8

இன்று காலை இந்த வருடத்துப் பட்டியல் வந்தது. நான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்ததற்கும் பிரசீதா திட்டியதற்கும் அதுதான் காரணம்.

லீலாம்மா இந்த முறை பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடிக்கவில்லை. ஒரு வரிக்கு ஒரு பலகை. ஒவ்வொரு வரியிலும் இரண்டு பெயர், நடுவில் ஒரு கமா. எங்கள் கரையில் இதுவரை யாரும் வள்ளத்தை இப்படி எழுதியதில்லை.

முதல் வரி: ஷீபா, கொச்சுராணி.

பிரசீதா லீலாம்மாவுக்குப் போன் போட்டாள். ஒலிபெருக்கியில் எனக்கும் கேட்டது.

"சேச்சி, முதல் பலகை இப்படித்தானா?"

"அப்படித்தான். அவங்களே சொன்னாங்க."

"ரெண்டு பேரும் இப்பப் பேசிக்கிறாங்களா?"

"என் காதுல விழல" என்றாள் லீலாம்மா. "தனித்தனியா வந்து சொன்னாளுக. எனக்கு அடுப்புல மீன் இருக்கு மோளே."

பிரசீதா பட்டியலைத் தேர்ந்தெடுத்தாள். பிரிப்பது கமா, பக்கவாட்டில் இரண்டு கட்டம். எதையும் தலைகீழாக அடுக்க வேண்டியிருக்கவில்லை. ஓ.கே. கொடுப்பதற்கு முன் என்னைத் திரும்பிப் பார்த்தாள், வாடிக்கையாளரைப் பார்க்கும் அதே பார்வை.

"பாத்தீங்களா, கேப்டனே என் டேபிளுக்கு வந்துட்டாங்க" என்று சொல்லிவிட்டுச் சொடுக்கினாள். கமா போய்விட்டது. அது இருந்த இடத்தில் தேக்கு நிறத்தில் ஒரு கோடு வந்து நின்றது. அந்தப் பக்கம் ஷீபா, இந்தப் பக்கம் கொச்சுராணி.

அந்த இருவருக்கும் நடுவில் இப்போது இருப்பது என்ன என்று எனக்குத் தெரியாது. அட்டவணையை நாளை ஜெட்டித் தூணில் ஒட்டிவிடுவார்கள். நீங்கள் போய்ப் பார்த்து, உங்களுக்குத் தோன்றுவதை எழுதிக்கொள்ளுங்கள். கோட்டை மட்டும் தொடாதீர்கள். அது என் மனைவி போட்டது.