வெளிச்சத்தில் நின்றவன்

குடோன் வாசலில் அண்ணன் லாரியில் அடிபட்டுச் செத்த பிறகு, அந்த வாசல் கேமராவைச் சரிபார்க்கும் வேலை தம்பியிடமே வந்தது. அந்தத் தொழிற்சாலையில் கேமரா வேலை தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

"மனசு கேக்கலன்னா சொல்லுப்பா, வெளியாளக் கூப்பிட்டுக்கலாம்" என்றார் மேனேஜர்.

"நானே பாக்குறேன் சார்."

லாரிகள் பின்பக்கமாக வந்து வாசலை ஒட்டி நிற்கும். பின்னால் ஆள் இல்லையென்று உள்ளறையில் இருக்கும் சிக்னல்காரர் திரையில் பார்த்துவிட்டுப் பச்சை விளக்கைப் போடுவார். அன்றும் போட்டார். அண்ணன் அப்போது வாசலுக்கு வெளியே வெயிலில், லாரிக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, விழுந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டிருந்தான்.

"திரையில ஆளே இல்லங்க, வெறும் வெள்ளையாத்தான் இருந்துச்சு" என்று விசாரணையில் சிக்னல்காரர் திரும்பத் திரும்பச் சொன்னார். ஒருவரும் நம்பவில்லை. போனில் மூழ்கிக் கிடந்திருப்பார் என்று பேசிக்கொண்டார்கள். அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். சாவு வீட்டுக்கு வந்தவரின் சட்டையைப் பிடித்துத் தம்பி தெருவில் தள்ளினான். "என் மூஞ்சில முழிக்காதய்யா!"

இப்போது அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்த்தான். உச்சி வெயில். உள்ளே அடுக்கியிருந்த பெட்டிகளின் எழுத்துக்கூடத் தெரிந்தது. வாசல் மட்டும் சுண்ணாம்பு அடித்தாற்போல் இருந்தது. எல்லோரும் பீப்பா என்று கூப்பிடும் ஸ்டோர்கீப்பரை வெளியே போய் நிற்கச் சொன்னான்.

"நிக்கிறீங்களாண்ணே?"

"நின்னுக்கிட்டுத்தானப்பா இருக்கேன், வெயில் மண்டையப் பொளக்குது!"

குரல் கேட்டது. அத்தனை பெரிய உடம்பு திரையில் இல்லை. சிக்னல்காரர் பொய் சொல்லியிருக்கவில்லை.

கேமராவின் செட்டிங்ஸைத் திறந்தான். இருண்ட குடோன் தெரிவதற்காக வெளிச்சத்தை உள்ளே விடும் அதன் ஷட்டரை அதிக நேரம் திறந்திருக்கும்படி வைத்திருந்தார்கள். அந்த நேரத்துக்குள் வெளி வெயில் படத்தை எரித்துவிடும். இதற்கு வழி கேமராவுக்குள்ளேயே இருந்தது. வைட் டைனமிக் ரேஞ்ச் என்று பெயர். இருட்டுக்கு ஒரு படமும் வெயிலுக்குச் சட்டென்று ஒரு படமும் எடுத்து, இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் காட்டும். மாட்டிய கம்பெனிக்காரர்கள் அதை அணைத்தபடியே விட்டுப் போயிருந்தார்கள். ஒரு டிக் போட்டிருந்தால் போதும்.

போட்டான். வெள்ளைக்குள்ளிருந்து தரை வந்தது, மஞ்சள் கோடு வந்தது, பீப்பா வந்தார். அளவை முழுதாக ஏற்றியபோது படம் சாம்பல் பூத்தது. அவரை நடக்கச் சொன்னால் கால்கள் நான்காகத் தெரிந்தன.

"எப்படிப்பா இருக்கேன்?"

"பேய் மாதிரி இருக்கீங்க. அப்படியே நில்லுங்க."

அளவை இறக்கினான். வெயிலுக்கான ஷட்டர் நேரத்தை இன்னும் குறைத்தான். கடைசியில் அவர் நடந்தாலும் முகம் கலையவில்லை. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த மேனேஜர் முதுகில் தட்டினார். தம்பி திரும்பிப் பார்க்கவில்லை. கண்டதை அப்படியே எழுதி அவர் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பினான்.

சிக்னல்காரர் வீட்டில் கதவு பாதிதான் திறந்தது.

"என்ன, இன்னும் அடிக்கணுமா?"

"இல்லண்ணே. உங்க சீட்ல உக்காந்து பாத்தேன். வெள்ளையாத்தான் இருந்துச்சு. எழுதிக் குடுத்துட்டேன். அன்னிக்கு நான் கை வச்சது தப்பு."

அவர் கை கதவின் விளிம்பைப் பிடித்திருந்தது.

"மத்தியானமானா தெனமும் அப்படித்தான் இருக்கும். ஒண்ணும் தெரியலன்னு தெரிஞ்சும் தெனமும் பச்சையப் போட்டேன். அத எங்க போய் எழுதிக் குடுப்ப?" என்றார். கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

வீட்டுக்கு வந்து அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் அடுப்பிலிருந்து திரும்பினாள்.

"அப்ப அன்னிக்கு எடுத்த வீடியோவையும் இந்த மாதிரி சரி பண்ணலாமா? அவர் மூஞ்சிய ஒருதரம் பாத்துக்கறேன்."

"முடியாது அண்ணி. பதியாதது பதியாததுதான்."

"அந்த ஆளையும் இனிமே திட்டக்கூடாதுங்கிற."

அவன் வாசற்படியிலிருந்து உள்ளே வந்தான்.

"அந்தக் கோவத்துலதான் தம்பி காலைல எழுந்து நடமாடிட்டிருந்தேன்" என்றாள். அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தம்பி அவளுக்கு எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். பாதி வெந்த சோறு அடுப்பிலேயே ஆறியது.