டிரம்மு வைத்த பச்சை முத்திரை

நல்ல எண்ணத்தில் வைத்த ஒரு முத்திரை ஆளை வக்கீல் வாசல்வரை இழுத்துக்கொண்டு போகுமா? போகும். எப்படியென்று சொல்கிறேன் கண்ணுகளா, வசதியாக உட்கார்ந்து கேளுங்கள்.

வாஷிங் மெஷின் பழுது பார்க்கும் மெக்கானிக் ஒருவர். மெஷின் டிரம்முக்குள் தலையை விட்டால் சாப்பாட்டு நேரத்துக்குக்கூட வெளியே எடுக்க மாட்டார். அதனால் தெருவில் எல்லோருக்கும் அவர் டிரம்மு. அவர் மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. எந்தக் காகிதமும் இரண்டு தடவை பார்க்காமல் அவள் கையைவிட்டு நகராது.

டிரம்மு ஓர் இணையதளம் நடத்திவந்தார். ஊர் ஊராக இருக்கும் மெக்கானிக்குகள் தங்களிடமுள்ள சர்வீஸ் புத்தகங்களை அதில் ஏற்றுவார்கள். வேண்டியவர்கள் சும்மாவே இறக்கிக்கொள்வார்கள். சொந்தப் பேரில் யாரும் ஏற்றுவதில்லை. ‘ஈரக்கை’, ‘நுரை’, ‘பெல்ட் பெரியப்பா’ என்று ஆளுக்கொரு பட்டப்பெயர்.

ஒரு தடவை யாரோ மாடல் மாற்றிப் புத்தகத்தை ஏற்றிவிட்டார்கள். அதை நம்பிக் கம்பியைத் தொட்டவருக்கு ஷாக் அடித்தது. நல்லவேளை, மூன்று நாள் டம்ளரை இடது கையில் பிடித்ததோடு போயிற்று. விஷயம் தெரிந்ததும் மனைவி பிடித்துக்கொண்டாள்.

“எங்க லேப்ல ரெண்டு பேர் பார்த்து கையெழுத்து போடாம ஒரு ரிப்போர்ட் வெளிய போகாது. நீங்க என்னடான்னா யார் எதை ஏத்தினாலும் அப்படியே விடுறீங்க. படிச்சுப் பார்த்துட்டு விடுங்க.”

அன்றிலிருந்து டிரம்மு ஒவ்வொரு புத்தகத்தையும் வரி விடாமல் படித்தார். எங்காவது தப்பு இருந்தால் ஓரத்தில் பச்சை எழுத்தில் குறிப்பு எழுதினார். முதல் பக்கத்தில் பச்சை வட்டமாக ஒரு முத்திரை வைத்தார்: ‘பார்த்தாச்சு – டிரம்மு.’ அந்த வட்டம் இருந்தால் மெக்கானிக்குகள் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார்கள்.

ஒரு நாள் காலை. ஒரு மெஷினுக்குள் தோள்வரை கையை விட்டு, யாருடையதோ ஒற்றைக் காலுறையை அவர் இழுத்துக்கொண்டிருந்தபோது கூரியர் வந்தது. பெரிய வாஷிங் மெஷின் கம்பெனி ஒன்றின் வக்கீல் அனுப்பிய நோட்டீஸ். எங்களுக்குச் சொந்தமான இருநூற்றுப் பதினான்கு புத்தகங்களை அனுமதியில்லாமல் பரப்புகிறீர்கள். ஏழு நாளுக்குள் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். ஏற்றியவர்கள் யார் யார் என்று பட்டியல் தர வேண்டும். தளத்தையே மூடுவதாக எழுதித் தர வேண்டும். இல்லையென்றால் வழக்கு.

டிரம்மு காலுறையும் கையுமாகக் கம்ப்யூட்டரிடம் ஓடினார். எல்லாவற்றையும் அழித்துவிட்டால் தீர்ந்தது என்று அவர் கணக்கு. மனைவி அதற்குள் தன் தங்கைக்குப் போன் போட்டுவிட்டாள். தங்கை வக்கீல்.

“அத்தான், கம்ப்யூட்டர்லேர்ந்து கையை எடுங்க!” போனில் சத்தம் வெடித்தது.

“அழிச்சிட்டா விட்டுடுவாங்கல்ல?”

“நோட்டீஸ் வந்த பிறகு அழிச்சா, ஆதாரத்தை அழிச்சீங்கன்னு அது ஒரு தனி வம்பு. அழிக்காம, தளத்திலேர்ந்து மட்டும் எடுத்துடுங்க. ஒரு காப்பி பத்திரமா இருக்கட்டும். நான் வர்றேன்.”

மதியத்துக்குள் மச்சினி வந்துவிட்டாள். கழற்றிப் போட்ட மெஷின் மூடியை மேசையாக்கி, மடிக்கணினியை அதன்மேல் வைத்தாள்.

“முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கங்க அத்தான். சும்மா கொடுத்தாலும் அடுத்தவங்க பொருள் அடுத்தவங்க பொருள்தான். ஆனா உங்களுக்கு ஒரு சின்ன சந்து இருக்கு. ஏத்தினது வேற ஆளுங்க. உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது, சொன்னதும் எடுத்துட்டேன்னு சொன்னா, பெரும்பாலும் வழக்குவரைக்கும் போகாது. உங்களுக்குத் தெரியாதுல்ல?”

டிரம்மு மனைவியைப் பார்த்தார். மனைவி கூரையைப் பார்த்தாள். மச்சினி ஒரு புத்தகத்தைத் திறந்தாள். பச்சை வட்டம். அடுத்ததைத் திறந்தாள். பச்சை வட்டம்.

“என்ன அத்தான் இது?”

“பார்த்தாச்சும்மா.”

“இருநூத்துப் பதினாலும் பார்த்தீங்களா?”

“ஒரு பக்கம் விடல.” அந்த நிலைமையிலும் அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

மச்சினி நெற்றியில் கையை வைத்தாள். “ஊர்ல தளம் நடத்துறவங்க எல்லாம் எதையும் பார்க்கலைன்னு தப்பிக்கிறாங்க. நீங்க ஒவ்வொண்ணுலயும் பார்த்தேன் பார்த்தேன்னு முத்திரை குத்தி, அதுல பேரையும் போட்டிருக்கீங்க!”

“நான்தான்டி பார்க்கச் சொன்னேன்,” என்றாள் அக்கா, மெல்லிய குரலில்.

“குடும்பமே சேர்ந்து செஞ்சிருக்கீங்க. ரொம்ப நல்லது.”

அன்றைக்கே மச்சினி பதில் அனுப்பினாள்: புத்தகங்களைத் தளத்திலிருந்து எடுத்துவிட்டோம், மற்றதை நேரில் பேசலாம். ஐந்தாம் நாள் காலை பதினொரு மணிக்குக் கம்பெனி வக்கீலின் ஆபீஸுக்கு வரச்சொன்னார்கள். டிரம்முக்கு வழக்கைவிடத் தளத்தை மூடச் சொன்னதுதான் பெரிய கவலை. பட்டப்பெயர் மட்டுமே தெரிந்த அத்தனை பேரும் இனி யாரைக் கேட்டுவிட்டுக் கம்பியைத் தொடுவார்கள்?

படியேறும்போது மச்சினி எச்சரித்தாள். “கேட்டா ஆமா, இல்ல, அவ்வளவுதான். பெல்ட் கதை, மோட்டார் கதை ஒண்ணும் வேணாம்.”

கம்பெனி வக்கீல் நரைத்த தலையும் இஸ்திரி கலையாத சட்டையுமாக இருந்தார். அச்செடுத்த புத்தகம் ஒன்றை மேசைமேல் வைத்தார்.

“இந்த முத்திரை உங்களோடதா?”

“ஆமா.”

“அப்போ உள்ள இருக்கிறது தெரிஞ்சேதான் பரப்பியிருக்கீங்க?”

மேசைக்கடியில் மச்சினி அத்தான் காலை மிதித்தாள்.

“ஆமா சார்,” என்றார் டிரம்மு. அதோடு நிறுத்தியிருக்கலாம். “ஆனா முப்பத்தோராம் பக்கம் தப்பு சார்.”

மச்சினி இன்னும் அழுத்தி மிதித்தாள். டிரம்மு காலை நகர்த்திக்கொண்டார்.

“நீலக் கம்பியும் சிவப்புக் கம்பியும் படத்துல இடம் மாறியிருக்கு. இதை நம்பித் தொட்டா ஷாக்குதான். நான் வேற என்ன பார்த்தேன்? தப்புதான் பார்த்தேன்.”

வக்கீல் முப்பத்தோராம் பக்கத்தைத் திருப்பினார். ஓரத்தில் பச்சை எழுத்து: ‘படத்தை நம்பாதீர்கள். நீலம் மேலே, சிவப்பு கீழே. பிளக்கைப் பிடுங்கிவிட்டு வேலை செய்யுங்கள், வீட்டில் தேடுவார்கள்.’ கடைசி வாக்கியத்தை அவர் இரண்டு தடவை படித்ததை மச்சினி கவனித்தாள்.

அவர் கம்பெனி இன்ஜினியருக்குப் போன் போட்டு, எல்லோரும் கேட்கும்படி வைத்தார். “முப்பத்தோராம் பக்கம் தப்புன்னு சொல்றாங்களே?”

“ஆமா சார், அச்சுல மாறிடுச்சு,” என்றது போன். “ஆனா பிரச்சினை இல்ல. எங்க ஆளுங்க எல்லாரும் பச்சை எழுத்து போட்ட காப்பியைத்தான் வச்சிருக்காங்க. அது எங்கயோ ஒரு தளத்துல கிடைக்குது சார்.”

வக்கீல் போனை மெதுவாக வைத்தார்.

இப்போது மச்சினி நிமிர்ந்து உட்கார்ந்தாள். “சார், புத்தகம் உங்களோடது. அதுல எங்களுக்குத் தகராறே இல்ல, இனிமே ஒரு பக்கம்கூடத் தளத்துல இருக்காது. பச்சை எழுத்து எங்க அத்தானோடது. அது உங்க ஆளுங்களுக்கும் வேணும்.”

ஒரு மணி நேரம் பேசி, காகிதத்தில் எழுதினார்கள். பச்சை எழுத்தைப் பார்த்துக் கம்பெனி தப்பைத் திருத்தி, புத்தகங்களைத் தன் தளத்திலேயே எல்லோருக்கும் திறந்துவைக்கும். டிரம்மு அதற்கு லிங்க் மட்டும் கொடுப்பார். அவர் தளத்தில் மெக்கானிக்குகள் சொந்தமாக எழுதியது, வரைந்தது மட்டும் இருக்கும். வழக்கு இல்லை, பட்டியலும் வேண்டாம்.

கையெழுத்து போட்டதும் வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். “உங்க தளத்துல நிறைய ஏத்தியிருக்காரே, அந்த பெல்ட் பெரியப்பா யாருன்னு மட்டும் சொல்லுங்களேன், சும்மா தெரிஞ்சுக்கத்தான்.”

“சத்தியமா எனக்கே தெரியாது சார்.”

“இதைத்தான் அத்தான் முதல்லயே சொல்லச் சொன்னேன்,” என்றாள் மச்சினி.

மறுநாளே தளத்தில் புது விதி ஏறியது: சொந்தக் கையால் செய்தது மட்டும். இரண்டு நாள் ஒன்றும் வரவில்லை. டிரம்மு அரைமணிக்கொரு தடவை கம்ப்யூட்டரை எட்டிப்பார்த்தார். மூன்றாம் நாள் பெல்ட் பெரியப்பாவிடமிருந்து ஒரு படம் வந்தது. பென்சிலால் வரைந்த மோட்டார். பார்க்கப் பூனை சுருண்டு படுத்திருப்பது போலிருந்தது. பெல்ட் அதன் வால். ஆனால் ஒவ்வொரு கம்பியும் போகவேண்டிய இடத்துக்குச் சரியாகப் போயிருந்தது.

மனைவி தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். “பார்த்தீங்களா?”

“ரெண்டு தடவை.” முத்திரை வைக்கப்போன கை பாதியில் நின்றது. மச்சினிக்குப் போன் போட்டார். “வக்கீலம்மா, ஒரு படம் வந்திருக்கு. பார்த்தாச்சுன்னு வைக்கலாமா?”

“அவரே வரைஞ்சதா அத்தான்? எங்கேயிருந்தாவது எடுத்ததா இருக்கப்போகுது.”

டிரம்மு பூனையை இன்னொரு தடவை பார்த்தார். “இவ்வளவு மோசமா எங்கேயிருந்தும் திருட முடியாதும்மா.”

“அப்போ தாராளமா வைங்க,” என்றாள் மச்சினி.

வைத்தார்.